எதிரொலிக்கு நான் காரணமில்ல

அந்தப் பையை இப்படிக் குடும்மா, என் மடியில வச்சுக்கிறேன். நீ நல்லா சாஞ்சு உக்காரு. மாட்டுத்தாவணியில பஸ் ஏறுனதுல இருந்து மடியில வச்சுக்கிட்டு நெளியிற. எங்க எறங்கணும்? சாத்தூரா. நான் கோவில்பட்டி.

சம்பந்தியம்மா வீட்டுக்குப் போறேன். நாளைக்கு அவங்களுக்குக் கண்ணு ஆபரேசன். ஒத்தையில இருக்காங்க, கூட இருந்து பாத்துக்க ஆள் வேணும்ல. என்ன அப்படிப் பாக்குற? மருமகளோட அம்மாவுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரி போயி சோறாக்கிப் போடுறாளான்னு பாக்குற. எங்க தெருவுலயும் இப்படித்தான் பாத்தாளுக. போன வருசம் இதே மாசத்துல யாராச்சும் என்கிட்ட இதைச் சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். எல்லாம் ஒரு செல்போனால வந்ததும்மா.

எனக்கு ஒரே மகன். ராஜபாண்டின்னு பேரு. மோட்டார் பம்பு விக்கிற கடையில வேலை பாக்குறான். அவனுக்குக் கோவில்பட்டியில பொண்ணு எடுத்தோம். முத்துச்செல்வி. செல்வின்னு கூப்பிடுவோம். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. அவ அம்மாதான் சண்முகத்தாய். வீட்டுக்காரர் செல்வி சின்னப்பிள்ளையா இருக்கப்பவே போயிட்டாரு. ரவிக்கை தைச்சே பிள்ளையைப் படிக்க வச்சு கட்டிக் குடுத்துட்டாங்க. தையல்னா தையல், அப்படி ஒரு தையல். ஆனா வாய் இருக்கே, அது அவங்க கத்தரிக்கோலை விட கூரு.

தலைதீபாவளிக்கு மகளுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்தாங்க. புதுசு, பெருசு, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். நம்ம பிள்ளை என்ன பண்ணுச்சு, மார்கழியில ஒரு நாள் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு கிரைண்டர்ல இருந்து மாவு அள்ளுச்சு. போன் நேரா மாவுக்குள்ள. நான்தான் கைய விட்டு எடுத்தேன். தொடைச்சு, அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வச்சு, எப்படியோ உசுரு வந்துருச்சு. ஆனா காதுல வச்சா மட்டும் சத்தம் கேக்காது. ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். அதுவும் முழுச் சத்தமா வச்சாத்தான்.

"அத்தை, எங்கம்மாகிட்ட சொல்லிறாதீங்க. ராத்திரி பகலா தைச்சு வாங்கிக் குடுத்த போனு. மாவுல போட்டேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னே போடும்"னு சொல்லுச்சு. நான் எதுக்குச் சொல்லப்போறேன்.

அதுல இருந்து சாயங்காலம் ஆனா செல்வி ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டு அம்மாகூடப் பேசும். கதவு சாத்தியிருக்கு, சரி. ஜன்னல் இருக்குல்ல. அந்த ஜன்னல் எங்க வீட்டுப் பின்பக்கம் பாத்து இருக்கு. ஜன்னலுக்கு நேர் கீழ தண்ணிக்குழாய். குழாய் பக்கத்துல ஒரு முக்காலி. இப்ப நீயே சொல்லு, பாத்திரம் கழுவ நான் எங்க போவேன்? அவங்க பேசுறது காதுல விழுந்தா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? காதுக்கு மூடியா இருக்கு?

ஒட்டுக்கேக்குற பழக்கம் எனக்குக் கெடையாதும்மா. எங்க வீட்டுக்காரரை வேணா கேட்டுப் பாரு. அவரு பேசுறதையே நான் பாதிதான் கேப்பேன்.

மொத நாளு என்ன காதுல விழுந்துச்சுன்னா, "செல்வி, நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குதுடி." அப்படின்னு சம்பந்தியம்மா சொல்றாங்க. "சாப்பிட்டியான்னா சாப்பிட்டியாங்குது. யாரோ என்னைப் பழிப்புக் காட்டுற மாதிரி இருக்கு."

"எனக்கு நல்லாத்தான் கேக்குதும்மா. உன் போன்ல ஏதோ கோளாறு"ன்னுச்சு செல்வி.

"என் போன்ல என்ன கோளாறு? இது பட்டன் வச்ச போனு. கீழ போட்டாலும் ஒடையாது. எக்கோன்னு சொல்றாங்கள்ல, அதுடி."

அன்னையில இருந்து அந்த அம்மாவுக்கு இதே வேலையாப் போச்சு. போனை அணைச்சுப் போட்டுப் பாத்தாங்க. சிம்மைக் கழட்டி முந்தானையில தொடைச்சு மாட்டுனாங்க. டவர் சரியில்லைன்னு மொட்டை மாடிக்குப் போயி தண்ணி டேங்கு மேல கைய வச்சுக்கிட்டுப் பேசுனாங்க. அங்க காத்துச் சத்தமும் சேந்து ரெண்டு தடவை கேட்டுச்சாம். யாரோ உறையைக் கழட்டச் சொன்னாங்கன்னு உறையைக் கழட்டுனாங்க. இன்னொரு நாள், தையல்காரவங்கல்ல, மெல்லிசு ஊசியை எடுத்து போன் ஓட்டையெல்லாம் குத்திக் கிளறிட்டாங்க. "எது பேசுற ஓட்டை, எது கேக்குற ஓட்டைன்னு சரியாத் தெரியலடி, எல்லாத்தையும் குத்திட்டேன்"னு சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்து, சேலையை வாயில அடைச்சுக்கிட்டேன்.

கம்பெனிக்காரங்களுக்கும் போன் போட்டாங்க. ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு அழுத்தி அழுத்தி, கடைசியில ஒரு பொண்ணு வந்து, "உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டோம், வேற எதுவும் உதவி வேணுமா"ன்னு கேட்டுச்சாம். "இந்த உதவியையே இன்னும் பண்ணல, வேற உதவி எதுக்கு"ன்னு இவங்க கேட்டிருக்காங்க. அந்தப் பொண்ணும் சிரிச்சிருச்சாம்.

இதெல்லாம் எனக்கு ஒரு பொழுதுபோக்கு மாதிரி ஆயிடுச்சுன்னு நினைக்காதே. எனக்கு வேலை இருந்துச்சு. கீரை ஆயணும்னா வெளிச்சம் வேணும், குழாய்கிட்டதான் வெளிச்சம். அந்தத் தை மாசம் எங்க வீட்டுல கீரை கொஞ்சம் அதிகமாத்தான் வாங்குனோம். வீட்டுக்காரரு, "தினமும் கீரைதானா"ன்னு கேட்டாரு. உடம்புக்கு நல்லதுன்னேன்.

எக்கோ மட்டுமா பேசுவாங்க. நம்மளையும் பேசுவாங்க. "உங்க அத்தை ரசம் வைக்கிறாளே, அது ரசமாடி? கல்யாணத்துக்கு மறுநாள் குடிச்சேன், அரிசி கழுவுன தண்ணின்னு நினைச்சு கீழ ஊத்தப் போனேன்." அப்படின்னு ஒரு நாள். அவங்க சொன்னதுக்காக இல்ல, மறுநாள் எனக்கே மிளகு கொஞ்சம் கூடப் போடலாம்னு தோணுச்சு. போட்டேன். ராஜபாண்டி ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சான். அது தற்செயலா நடந்தது.

இன்னொரு நாள், "உங்க அத்தை சிரிச்சா பல்லு வலிக்கிற மாதிரி இருக்கு. சிரிக்கிறாளா, மொறைக்கிறாளான்னே தெரியல"ன்னாங்க. நான் கண்ணாடியில போயிப் பாத்தேன். அப்படி ஒண்ணுமில்ல. இருந்தாலும் செல்வி காபி கொண்டாந்தப்ப வாயை நல்லாத் திறந்து சிரிச்சு வச்சேன். அது பதறிப்போயி, "என்னத்தை, பல்லு வலிக்குதா?"ன்னு கேக்குது.

கோவம் வந்துச்சான்னா, வந்துச்சுதான். ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த அம்மா பேசுறதுல ஒரு ருசி இருந்துச்சும்மா. எங்க வீட்டுல யாரும் பேச மாட்டாங்க. வீட்டுக்காரரு பேப்பருக்குள்ள தலையை விட்டா வெளிய எடுக்க மாட்டாரு. மகன் போனுக்குள்ள. எனக்குப் பேச்சுத்துணைன்னு யாரு இருக்கா? அந்த ஜன்னல்தான்.

மாசியில ஒரு நாள் சம்பந்தியம்மா சொன்னாங்க, "பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கடையில குடுத்தேன்டி. அவன் பேசிப் பாத்தான். எக்கோ வரல. யார்கிட்டப் பேசுனாலும் வரல. உன்கிட்டப் பேசுனாத்தான் வருது. பக்கத்து வீட்டுக்காரி போன்ல இருந்து பேசினேன்ல, அதுலயும் வந்துச்சு. அவ என்ன சொல்றா தெரியுமா? நடுவுல யாராச்சும் ஒட்டுக்கேட்டா இப்படித்தான் எதிரொலிக்குமாம்."

என் கையில இருந்த கீரைக்கட்டு அப்படியே நழுவி தண்ணியில விழுந்துருச்சு.

எனக்குப் படிப்பு கம்மிம்மா. இந்த போன் எப்படி வேலை செய்யிதுன்னு எனக்கு என்ன தெரியும்? காத்துல வருதுங்கிறாங்க. காத்துல வர்ற பேச்சை நடுவுல ஒரு காது வாங்கிக்கிட்டா மிச்சம் திரும்பிப் போகும்போலன்னு நினைச்சேன். மறுநாள் முக்காலியைத் தள்ளிப் போட்டு உக்காந்தேன். "இன்னைக்கும் வருதுடி"ன்னாங்க. அதுக்கு மறுநாள் குழாய்ப் பக்கமே போகல. முன்வாசல்ல போயி உக்காந்துக்கிட்டேன். பொழுதே போகல. செல்வி வெளிய வந்ததும், "உங்கம்மாவுக்கு அந்த எக்கோ இப்பவும் வருதாம்மா?"ன்னு கேட்டேன்.

"இன்னைக்கும் வந்துச்சாம் அத்தை"ன்னுச்சு. சொல்லிட்டு, "எக்கோ வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"னுச்சு.

"நீதானம்மா சொன்ன"ன்னேன்.

எப்படியோ, நான் இல்லாதப்பவும் எக்கோ வருது. அப்ப அதுக்கு நான் காரணமில்ல. மனசு லேசாயிருச்சு. மறுநாள் பழைய இடத்துக்கே வந்துட்டேன்.

இதுக்கு நடுவுல செல்வி உண்டாயிருந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம். சம்பந்தியம்மாவுக்குக் கேக்கவே வேணாம். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு மகளைக் கூட்டிட்டுப் போயி, தலைப்பிரசவம் தன் வீட்டுலதான்னு தினமும் திட்டம் போடுவாங்க. ஆனா பங்குனி சித்திரையில அவங்க பேச்சுல ஒரு மாத்தம் தெரிஞ்சுச்சு. சிரிப்பு கொறஞ்சு போச்சு. ஒரு நாள், "செல்வி, ஆரஞ்சு ரவிக்கைக்கு நான் பச்சை நூல்ல தைச்சுட்டேன்டி"ன்னாங்க.

"என்னம்மா சொல்ற?"

"கண்ணு தெரியலடி. ஊசியில நூல் கோக்க முடியல. கஞ்சி வடிக்கிறப்ப கைய சுட்டுக்கிட்டேன். ஆஸ்பத்திரியில காட்டுனேன். ரெண்டு கண்ணுலயும் புரையாம். உடனே எடுக்கணும்ங்கிறாங்க. எடுத்தா அடுப்புப் பக்கம் போகக்கூடாது, குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாதாம். நீ பிள்ளை பெறப் போற நேரத்துல நான் போயிப் படுத்துக்கிட்டா உன்னை யாரு பாப்பா? பிரசவம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்னு வந்துட்டேன்."

செல்வி அழுதுச்சு. நான் ஜன்னலுக்குக் கீழ உக்காந்திருக்கேன்.

"அழாதடி. எனக்கு வேற ஒண்ணும் பயமில்ல. பச்சப்பிள்ளையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டணும்ல, மூக்கு எது, வாய் எதுன்னு தெரியாமத் தண்ணிய ஊத்திருவேனோன்னுதான் பயமா இருக்கு. இதை உங்க வீட்டுல யார்கிட்டயும் சொல்லிறாத. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா, கண்ணு தெரியாதவ வீட்டுல பொண்ணு எடுத்தோம்னு பேசுவா. மாப்பிள்ளைகிட்டயும் சொல்லாத."

அன்னைக்கு நான் பாத்திரம் எதுவும் கழுவலம்மா. கீரையும் ஆயல. சும்மாதான் உக்காந்திருந்தேன். எத்தனை வருசமா ஒத்தை ஆளா நின்ன பொம்பளை. தன் கண்ணு போறது பெருசாத் தெரியல, பிள்ளையைக் குளிப்பாட்டுறதை நினைச்சுப் பயப்படுறாங்க. என்னைப் பத்தி அப்படி நினைக்கிறாங்களேன்னும் இருந்துச்சு. நான் அப்படியெல்லாம் பேசுறவளா?

சரி, இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு முடிவு பண்ணேன். எனக்குத் தெரியும்னு காட்டிக்காம பண்ணணும். மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட உக்காந்தாங்க. சோத்தைப் போட்டுக்கிட்டே சொன்னேன். "செல்விக்குப் பிரசவம் இங்கதான். கோவில்பட்டிக்கு அனுப்புறதா இல்ல."

வீட்டுக்காரரு பேப்பர்ல இருந்து தலையை எடுத்தாரு. ராஜபாண்டி, "ஏம்மா?"ன்னான்.

"ஏன்னு கேட்டா? இங்கதான்னா இங்கதான்."

வேற என்ன சொல்ல? காரணம் சொல்ல முடியாதே. கொஞ்சம் நயமாச் சொல்லியிருக்கலாமோ என்னவோ. எனக்கு நயமாச் சொல்ல வராதும்மா. செல்வி தட்டுலயே கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. பொறவு எந்திருச்சுப் போயிருச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அந்த போன்ல வந்த பேச்சு இருக்கே, எனக்கு இன்னும் காதுக்குள்ள இருக்கு. "என் மகளை என் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்ல அவ யாருடி? என் வீட்டுல ஏசி இல்ல, கட்டில் இல்ல, அதைத்தான குத்திக் காட்டுறா? தையல்காரி வீட்டுல தன் பேரப்பிள்ளை பொறக்கக்கூடாதோ? அவ மட்டும் மகாராணி வீட்டுலயா பொறந்தா?"

நல்லது பண்ணப் போயி எனக்குக் கெடைச்ச பேரைப் பாத்தியா. எந்திருச்சு ஜன்னல் வழியா தலையை நீட்டி, 'ஏங்க, உங்க கண்ணை நினைச்சுத்தான் சொன்னேன்'னு சொல்லிறலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, நீங்க அங்க என்ன பண்றீங்கன்னு கேப்பாங்களே.

செல்வி என்கூட முகங்குடுத்துப் பேசுறதை நிறுத்திருச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். மாசமா இருக்க பிள்ளை, முகம் வாடிக் கெடந்தா நல்லாவா இருக்கும்? ராஜபாண்டி வந்து, "ஏம்மா இப்படி அடம் பிடிக்கிற, அது வீட்டுல ஆசைப்படுறாங்கள்ல"ன்னான். பெத்த மகன்கிட்டயும் சொல்ல முடியல. அவனுக்குத் தெரிஞ்சா செல்விகிட்ட சொல்லிருவான், செல்வி அம்மாகிட்ட சொல்லிரும். சரி, என்னைக் கெட்டவளாவே நினைச்சுக்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. சண்முகத்தாய். ரெண்டு கையிலயும் பை. படி ஏறுறப்ப கால் தடவுது. நான் போயி கையப் பிடிச்சேன். உதறிட்டாங்க.

உக்காந்ததும் தண்ணி கூடக் குடிக்கல. "சம்பந்தியம்மா, உங்க வாயால கேக்கணும்னுதான் வந்தேன். என் மகளை எதுக்கு அனுப்ப மாட்டேங்கிறீங்க?"

நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒரு காரணம் வச்சிருந்தேன். "கோவில்பட்டியில வெயில் ஜாஸ்திங்க"ன்னேன்.

"மதுரையில என்ன பனியா பெய்யிது?"

"அங்க தண்ணி உப்பு."

"அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் என் மக இவ்வளவு வளந்தா."

அவங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "எனக்கு வசதி இல்லைன்னு நேராவே சொல்லிருங்க, கேட்டுக்கிறேன். வெயிலு, தண்ணின்னு சுத்தாதீங்க"ன்னாங்க. செல்வி அம்மா தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. எங்க வீட்டுக்காரரு பேப்பரை மடிச்சு வச்சாரு. அவரு பேப்பரை மடிச்சா பெரிய சண்டைன்னு அர்த்தம்.

ராஜபாண்டி பயந்துட்டான்போல. பேச்சை மாத்தணுமே. "அத்தை, உங்க போன்ல ஏதோ எக்கோ வருதுன்னு செல்வி சொன்னாளே. குடுங்க பாப்போம்"னான்.

"இப்ப அதுதான் முக்கியமா மாப்பிள்ளை?"ன்னாங்க. ஆனா குடுத்துட்டாங்க. இத்தனை மாசமா அதோட மல்லுக்கட்டுன ஆளு, சரியாகும்னா விடுவாங்களா. "கடைக்காரன் பாத்துட்டான், கம்பெனிக்காரன் பாத்துட்டான். நீங்களும் பாருங்க"ன்னாங்க.

"செல்வி, நீ ரூமுக்குள்ள போயி எப்பவும் பேசுற மாதிரி பேசு. அத்தை, நீங்க உங்க போனை எடுத்துக்கிட்டு வாசல் கேட்டுப் பக்கம் போயி நின்னு பேசுங்க"ன்னான். "அதெல்லாம் எதுக்குடா இப்ப, வந்தவங்க சாப்பிடட்டும்"னேன். யாரும் கேக்கல.

கேட்டுல நின்னுக்கிட்டு, "வருது மாப்பிள்ளை, வருது. ஹலோன்னா ஹலோங்குது"ன்னு கத்துறாங்க. இவன் ரூமுக்குள்ள போனான். போயி போனை வாங்கி சத்தத்தைக் கொறைச்சான். "இப்ப?" "லேசா வருது." ஸ்பீக்கரை அணைச்சான். "இப்ப?" "வரலயே. சுத்தமா வரல"ன்னாங்க.

சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தான். "அத்தை, உங்க போன்ல ஒரு கோளாறும் இல்ல. எக்கோ யாருக்குக் கேக்குதோ அவங்க போன்ல தப்பு இருக்காது, பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் தப்பு. செல்வி ஸ்பீக்கரை முழுச் சத்தத்துல வச்சுப் பேசுறா. உங்க குரல் ஸ்பீக்கர்ல வந்து, அவ மைக்குல ஏறி, திரும்ப உங்களுக்கே வருது. அவ்வளவுதான்."

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. அந்த மாவுதான் காரணம்.

சம்பந்தியம்மா உள்ள வந்து மகளைப் பாத்தாங்க. "ஸ்பீக்கர்லயா? எதுக்குடி?"

செல்வி அழுதுக்கிட்டே மாவுல போட்ட கதையைச் சொல்லுச்சு. திட்டுவாங்கன்னு பாத்தா, அவங்க மாவைப் பத்திக் கேக்கவே இல்ல. "எத்தனை மாசமா ஸ்பீக்கர்ல பேசுற?"ன்னு கேட்டாங்க.

"மார்கழியில இருந்தும்மா. ஆனா கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பேசுவேன்."

அவங்க ரூமுக்குள்ள போனாங்க. கதவைப் பாத்தாங்க. ஜன்னலைப் பாத்தாங்க. பின்பக்கமாப் போயிட்டாங்க. கண்ணு தெரியலைன்னு சொன்ன பொம்பளை, முக்காலி மட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கு.

நான் பின்னாலயே போனேன். போகாம இருக்க முடியல. குழாய்கிட்ட முக்காலியில உக்காந்திருந்தாங்க. உள்ள செல்வியும் ராஜபாண்டியும் மெதுவாப் பேசுறது அங்க ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருக்கோம். என்னைப் பாக்காமயே கேட்டாங்க.

"ரசம்?"

"கேட்டுச்சு"ன்னேன்.

"பல்லு வலி?"

"அதுவுந்தான்."

"நல்லவேளை, உங்க கல்யாணப் பட்டுச்சேலையைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"சொன்னீங்க. ஜமுக்காளம்னு."

அவங்களுக்கு உதடு துடிக்குது. சிரிப்பா, அழுகையான்னு தெரியல. பொறவு, "கண்ணு?"ன்னு கேட்டாங்க.

ஏதாச்சும் வேலை செய்யிற மாதிரி இருக்கட்டும்னு குழாயைத் திறந்தேன். அன்னைக்குத் தண்ணி வராத நாளு. குழாய் காத்தை விட்டுச்சு.

"அதுக்குத்தான் அனுப்ப மாட்டேன்னீங்களா?"

"எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலங்க"ன்னேன்.

அவங்க முகத்தை மூடிக்கிட்டாங்க. அழுறாங்கன்னு நினைச்சு கிட்டப் போனேன். தோள் குலுங்குது. சிரிக்கிறாங்கம்மா. கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த சிரிக்கிறாங்க. "வெயிலு ஜாஸ்தியாம். தண்ணி உப்பாம். அடி மதினி, பொய் சொல்லவும் தெரியாம எப்படி இத்தனை நாள் குடும்பம் நடத்துனீங்க?"ன்னாங்க. அதுவரைக்கும் சம்பந்தியம்மான்னுதான் கூப்பிடுவாங்க. அன்னைக்குத்தான் மொத மதினி. அவங்க சிரிக்கவும் எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. உள்ள இருந்து ரெண்டும் ஓடி வந்து, என்னமோ ஆயிப்போச்சுன்னு முழிச்சுக்கிட்டு நிக்கிதுக.

சொன்னபடியே ஆனியில வளைகாப்பும் எங்க வீட்டுல, புரட்டாசியில பிரசவமும் எங்க ஊர்ல. பொம்பளைப் பிள்ளை. மதினியும் வந்து தங்கிட்டாங்க. அப்பவே ஆபரேசனை முடிச்சிருங்கன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். பேத்தி தலை நிக்கிற வரைக்கும் படுக்க மாட்டேன்னுட்டாங்க. நான் கால்ல போட்டுக் குளிப்பாட்டுவேன், அவங்க பக்கத்துல முக்காலியைப் போட்டுக்கிட்டு அதிகாரம் பண்ணுவாங்க. "இங்கிட்டு ஊத்துங்க, மூக்கைப் பிடிங்க, அப்படி அமுக்காதீங்க." கண்ணுதான் தெரியல, எல்லாம் தெரியும். ஒரு நாள் பிள்ளையை அவங்க மடியில குடுத்து, கைய என் கையோட சேத்துப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணி ஊத்த வச்சேன். மூக்கு, வாய்னு நான் சொல்லச் சொல்ல ஊத்துனாங்க. பிள்ளை அழவே இல்ல. அன்னைக்கு முழுக்க அவங்க வாயே திறக்கல. அப்படி ஒரு நாள் நான் பாத்ததில்ல.

செல்வி போனை ராஜபாண்டி சரி பண்ணிக் குடுத்துட்டான். இப்ப காதுல வச்சுப் பேசுது. ஜன்னலுக்கு ஒண்ணும் வர்றதில்ல. அதனால எனக்கு ஒண்ணும் இல்ல. இப்பத்தான் மதினி நேரா எனக்கே போன் போடுறாங்களே. தினமும் சாயங்காலம் செல்வியைப் பத்தி ரெண்டு பேரும் பேசுவோம். அது பிள்ளையைத் தூக்குற தூக்கு, துணி மடிக்கிற அழகு, எல்லாம் பேசுவோம். நான் ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பேசுறேன். அந்த நேரம் பாத்து செல்வி பின்பக்கம் துணி காயப்போடப் போயிருது. அதுக்கு வேற நேரமே கெடைக்க மாட்டேங்குது.

இரும்மா, போன் அடிக்குது. மதினிதான்.

ஹலோ, சொல்லுங்க மதினி. வந்துக்கிட்டே இருக்கேன். சாத்தூர் வரப் போகுது. சாப்பிட்டேன். பயப்படாதீங்க, நாளைக்கு நான் பக்கத்துலயே இருப்பேன். கண்ணைத் திறந்ததும் மொதல்ல என் முகந்தான் தெரியும், அதுக்குத் தயாரா இருங்க. என்னது? இல்ல மதினி, யார்கூடயும் பேசல. வாயே திறக்கல. நம்ம வீட்டுக் கதையை நான் எதுக்கு பஸ்ல வர்றவங்ககிட்ட சொல்லப் போறேன்? பக்கத்துல ஒரு பிள்ளை உக்காந்திருக்கு, அதுபாட்டுக்கு ஜன்னலைப் பாத்துக்கிட்டு வருது. ஏன், எதுக்கு? அதுகிட்டக் குடுக்கவா? எதுவரைக்கும் சொல்லியிருக்கேன்னு அதுகிட்டக் கேக்கணுமா?

இந்தாம்மா, உன் பை. சாத்தூர் வந்துருச்சு. நீ எறங்கு, சீக்கிரம் எறங்கு. நான் சொல்லிக்கிறேன்.